எச்சரிக்கைச் சீட்டும் பொருளின் பகுதிதான்

2013 ஜூலையில், பிரான்சின் ஓர்பியேர் பாறைகளில் டிட்டோ ட்ராவெர்ஸா என்ற பன்னிரண்டு வயது இத்தாலியச் சிறுவன் ஏறினான். வயதுக்கு மீறிய திறமைசாலி. அன்று அவன் ஏறியது உடம்பைச் சூடேற்றிக்கொள்வதற்கான எளிய பாதைதான். மேலே போய்ச் சேர்ந்து கயிற்றில் எடையைக் கொடுத்ததும், கயிற்றைப் பாறையோடு பிணைத்திருந்த குவிக்ட்ராக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. தரையில் விழுந்தவன் சில நாளில் மருத்துவமனையில் இறந்துபோனான்.

குவிக்ட்ரா என்பது இரண்டு காரபினர்களை (திறந்து மூடும் உலோகக் கொக்கிகள்) ஒரு தடித்த பட்டையால் இணைத்த சிறு கருவி. காரபினர் புரண்டுவிடாமல் இருக்கப் பட்டையின் முனையில் ஒரு ரப்பர் வளையம் மாட்டுவார்கள். எடையைத் தாங்க வேண்டியது பட்டை. ரப்பருக்கு வேறு வேலை கிடையாது, காரபினரை நேராகப் பிடித்து வைத்தால் போதும். அன்று பயன்பட்ட குவிக்ட்ராக்கள் பலவற்றில் காரபினர் பட்டைக்குள் போகாமல் ரப்பருக்குள் மட்டும் கோக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். இத்தாலியில் தொடரப்பட்ட வழக்கு பயிற்சியாளர்களோடு நிற்கவில்லை. அந்தப் பொருளைத் தயாரித்தவர், விற்றவர் வரை குற்றச்சாட்டு போனது. எப்படி மாட்ட வேண்டும் என்ற விளக்கம் பொருளோடு கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி அதில் எழுந்தது.

நம் நாட்டுச் சட்டமும் இதே கேள்வியைக் கேட்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவு, ஒரு பொருளால் காயம் ஏற்பட்டால் தயாரிப்பாளர் எப்போதெல்லாம் பொறுப்பாவார் என்று சொல்கிறது. தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை, சொன்ன தரத்தில் இல்லாதது, கொடுத்த உத்தரவாதத்தை மீறியது ஆகியவற்றோடு இன்னொன்றும் அதில் உண்டு: சரியாகப் பயன்படுத்தும் விளக்கமோ, தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையோ போதிய அளவு இல்லாமல் விற்பது. 2020 ஜூலை 20 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பொருள் உடைய வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விற்றதே குறைதான். பாறையேற்றப் பயிற்சிக் கருவிகளை வாங்குகிறவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிற பெற்றோர், இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இந்த விளையாட்டு 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. சென்னையிலும் பெங்களூரிலும் க்ளைம்பிங் ஜிம்கள் வந்துவிட்டன. மாலையில் பள்ளி முடித்த பிள்ளைகள் அங்கே சுவரேறுகிறார்கள். வார இறுதியானால் ராமநகரா, பதாமி, ஹம்பி என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிம்முக்குப் போக முடியாத நாட்களுக்கென்று வீட்டில் வாசல் நிலைக்கு மேலே ஒரு ஹேங்போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். அங்கிருந்துதான் நம் கதை தொடங்குகிறது.

சுவரும் விரலும்

ஹேங்போர்டு என்பது சுமார் இரண்டடி நீளமுள்ள மரப்பலகை அல்லது ரெசின் வார்ப்பு. அதில் பல ஆழங்களில் விரல் நுனி பதியும் விளிம்புகள் இருக்கும். பெரும்பாலோர் பயிலும் விளிம்பு 20 மில்லிமீட்டர் ஆழம்தான். முழு உடல் எடையையும் எட்டு விரல் நுனிகளில் தாங்கிப் பத்து விநாடி தொங்குவது அடிப்படைப் பயிற்சி. பெட்டியைத் திறந்தால் பலகை, சில திருகாணிகள், அதற்கான ரால் பிளக்குகள் இருக்கும். பல பெட்டிகளில் அவ்வளவுதான். உள்ளே ஒரு சீட்டு இருந்திருந்தால் அதில் என்னவெல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் சுவர். நம் வீடுகளில் சிமெண்டுப் பூச்சு மட்டுமே அரை முதல் முக்கால் அங்குலம் இருக்கும். பெட்டியோடு வந்த ஒன்றரை அங்குலத் திருகாணியில் பலகையின் தடிமன் போக மிச்சம் பெரும்பாலும் பூச்சிலேயே நின்றுவிடும். ட்ரில் போடும்போது கொட்டும் தூளைக் கவனியுங்கள். சாம்பல் நிற மாவாக வந்தால் அது வாசலுக்கு மேலிருக்கும் கான்கிரீட் லிண்டல், மாட்டலாம். செந்தூளாக வந்தால் செங்கல்; ஆங்கர் போல்ட் நீளமாக இருக்க வேண்டும், செங்கல் இணைப்பில் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிட் திடீரென்று உள்ளே புகுந்து வெற்றிடத்தைத் தொட்டால் ஹாலோ பிளாக். அங்கே மாட்டவே கூடாது. ஜிப்சம் தடுப்பும் அப்படியே. கான்கிரீட்டில் முதலில் முக்கால் அங்குல ப்ளைவுட்டை ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு அதன்மேல் ஹேங்போர்டைத் திருகுவது நல்ல வழி. வாடகை வீட்டில் துளை போட முடியாதவர்கள், நிலைக்குள் முறுக்கி இறுக்கும் கம்பியில் ஹேங்போர்டைக் கட்டித் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். உராய்வை மட்டும் நம்பி நிற்கும் அந்தக் கம்பி, வார்னிஷ் பூசிய நிலையில் எப்போது வேண்டுமானாலும் வழுக்கும். தலை பின்புறமாகத் தரையில் மோதும் விழுகை அது.

அடுத்தது விரல். விரலை மடக்கும் தசைநாண் எலும்பை ஒட்டியே ஓட வேண்டும். தூண்டில் கழியில் நரம்பைப் பிடித்து வைக்கும் வளையங்களைப்போல, அதைப் பிடித்து வைக்கச் சிறு நார் வளையங்கள் உண்டு. மருத்துவர்கள் இவற்றை ஏ1 முதல் ஏ5 வரை எண்ணிட்டு அழைக்கிறார்கள். முக்கியமானவை ஏ2, ஏ4. ஏ2 இருப்பது விரலின் அடிக்கணுவில், மோதிரம் போடும் இடத்தில். பாறையில் சிறு விளிம்பு கிடைத்தால் ஏறுகிறவர் க்ரிம்ப் பிடிக்குப் போவார்: நடு மூட்டைக் கூர்மையாக மடக்கி, நுனி மூட்டைப் பின்னுக்கு வளைத்து, கட்டைவிரலை மேலே போட்டுப் பூட்டுவது. பிடிமானம் அபாரமாக இருக்கும். ஆனால் அந்த நிலையில் ஏ2 மீது விழும் சுமை, விரலைத் திறந்து வைத்துப் பிடிப்பதைவிடப் பல மடங்கு. தாங்காதபோது ‘டப்’ என்று அறும். பக்கத்தில் நிற்பவருக்கே சில சமயம் கேட்கும். பெரும்பாலும் மோதிர விரலில்.

புதிதாக ஏறத் தொடங்குகிறவரின் முன்கைத் தசை சில வாரங்களில் தேறிவிடும். நார் வளையமும் தசைநாணும் அந்தச் சுமைக்குப் பழகித் தடிக்க மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். தசை ‘முடியும்’ என்று சொல்கிறபோது வளையம் இன்னும் தயாராகியிருக்காது. ஹேங்போர்டு விளம்பரங்கள் முழுக்கத் தசையின் வேகத்தைத்தான் பேசுகின்றன. குறைந்தது ஓராண்டாவது சீராகச் சுவரேறிய பிறகு ஹேங்போர்டைத் தொடுங்கள் என்று நல்ல பயிற்சியாளர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். சூடேற்றிக்கொள்வதிலும் கஞ்சத்தனம் கூடாது. சுவிட்சர்லாந்தின் கை அறுவை மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ஷ்வைட்ஸர் அளந்து பார்த்ததில், நார் வளையங்கள் தளர்ந்து முழுச் சுமைக்குத் தயாராக எளிய பிடிகளில் நூறு கை நகர்வுகளாவது தேவைப்பட்டன. வீட்டில் அலுவலகக் களைப்போடு வந்து நேராக 20 மில்லிமீட்டரில் தொங்குகிறவர் இதில் எதையும் செய்வதில்லை.

வளரும் விரல்

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது கேம்பஸ் போர்டு. சாய்ந்த பலகையில் ஏணிப்படிபோல மரக்கட்டைகள்; கால் வைக்க இடமில்லை. கையால் மட்டும் எகிறி எகிறிப் பிடித்து ஏற வேண்டும். ஜெர்மனியின் வோல்ஃப்காங் குல்லிஷ் 1988-இல் நியூரம்பெர்க்கின் ‘கேம்பஸ்’ என்ற உடற்பயிற்சிக் கூடத்தில் இதை மாட்டினார். பெயர் அங்கிருந்தே வந்தது. 1991-இல் அவர் ஏறிய ‘ஆக்‌ஷன் டிரெக்ட்’ என்ற பாதை அந்தக் காலத்தில் உலகிலேயே கடினமானது. ஒற்றை விரல், இரட்டை விரல் துளைகளில் எகிறிப் பிடிக்க வேண்டிய பாதை அது. பல ஆண்டு பயிற்சியில் உடம்பு முறுக்கேறிய, முப்பது வயதை நெருங்கிய ஒரு மனிதர் தனக்காகச் செய்துகொண்ட கருவி. இன்று அதே கருவி ஜிம்களில் எல்லோர் கைக்கும் எட்டும்படி தொங்குகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் விளையாட்டாக அதில் எகிறுகிறார்கள். யாரும் தடுப்பதில்லை.

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. அந்த வயதில் விரலில் மிகவும் பலவீனமான இடம் அதுதான். பெரியவர்களுக்கு நார் வளையம் அறுகிற சுமையில், பிள்ளைகளுக்கு இந்தத் தட்டில் விரிசல் விடும். அதுவும் ஒரே நாளில் அல்ல, மீண்டும் மீண்டும் விழும் சுமையில் மெல்ல மெல்ல. பெரும்பாலும் நடுவிரலின் நடு மூட்டில், புறங்கைப் பக்கம் வலிக்கும், லேசாக வீங்கும். உயரம் கிடுகிடுவென ஏறும் பருவத்தில்தான் ஆபத்து அதிகம். கேம்பஸ் போர்டும், எடை கட்டித் தொங்குவதும் பதினாறு வயதுக்குக் கீழ் கூடாது என்று பாறையேறுவோரை ஆராய்ந்த மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். பதினெட்டு வரை தள்ளிப்போடச் சொல்கிறவர்களும் உண்டு. ஒரு பிள்ளைக்கு நடு மூட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் ஏறுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்வார்கள். உரிய நேரத்தில் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகக் கூடிவிடும். வலியோடு தொடர்ந்து ஏறினால் மூட்டு கோணிப்போய், இளவயதிலேயே தேய்மானம் வரலாம்.

நம் வீடுகளில் விரல் வலித்தால் முதலில் வரும் சொல் ‘சுளுக்கு’. பக்கத்துத் தெருவில் சுளுக்கு எடுக்கிறவரிடம் அழைத்துப்போய் விரலைச் சொடக்கி இழுக்கச் சொல்வோம். இல்லையென்றால் புத்தூர் கட்டு. பெரியவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வளர்ச்சித் தட்டில் விரிசல் இருக்கும் விரலை இழுப்பது அதைப் பிளப்பதற்குச் சமம். வீங்கிய விரலில் இறுக்கமாகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று விரலே போகலாம். நுனி நீலம்பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ கட்டை அந்த நிமிடமே அவிழ்க்க வேண்டும்.

அறுந்த பின்

பெரியவர்களுக்கு ‘டப்’ என்று கேட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கையில் மோதிரம் இருந்தால் கழற்றுவது. அரை மணி நேரத்தில் வீக்கம் ஏறினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். துணி சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைத்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வையுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு தடவை முயன்று பார்க்கிறேன்’ என்பது அன்று வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் ஏறுவதும் வேண்டாம். மாத்திரை வலியை மறைக்குமே தவிர, அறுந்ததை ஒட்டாது.

கை மருத்துவரிடம் போகும்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேளுங்கள். விரலை மடக்கி எதிர் அழுத்தம் கொடுத்தபடி எடுக்க வேண்டும். எலும்புக்கும் தசைநாணுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் வளையம் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்கர் ஷாஃபல் வகுத்த நான்கு நிலை அளவுகோலைத்தான் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். முதல் நிலை வெறும் நார்ப்பிடிப்பு. ஆறு வாரத்தில் பழைய நிலைக்கு வரலாம். ஏ2 முழுதாக அறுந்த மூன்றாம் நிலைக்கு மூன்று மாதம். பல வளையங்கள் அறுந்த நான்காம் நிலைக்குத்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை. திரும்பி வர ஆறு மாதம். சென்னையில் இதற்கென்று பெரிய தனியார் மருத்துவமனையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய கை அறுவை, மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. இயந்திரத்தில் நசுங்கிய தொழிலாளர்களின் கைகளை மீட்டுக் கொடுத்துப் பெயர் பெற்ற இடம் அது.

மூன்றாம் நிலை வரை நிஜமாக உதவும் கருவி மிகச் சாதாரணமானது: வெந்நீரில் போட்டால் இளகும் ஒருவகைப் பிளாஸ்டிக்கில், கை சிகிச்சையாளர் உங்கள் விரலின் மேலேயே வார்த்துத் தரும் வளையம். விரலின் உள்பக்கம் தசைநாணை எலும்போடு அழுத்தி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பக்கவாட்டில் நெருக்காமல் விட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். இணையத்தில் ‘எல்லா விரலுக்கும் பொருந்தும்’ என்று விற்கிற ரெடிமேட் சிலிகான் வளையம் இந்த வேலையைச் செய்யாது. ஏனென்றால் பொருந்துவதுதான் இங்கே சிகிச்சையே. குணமாகி வருகிறவர்களுக்கு ஒட்டும் டேப்பை ‘எச்’ வடிவில் கட்டும் முறை ஓரளவு உதவுகிறது. நல்ல விரலில் டேப் சுற்றிக்கொண்டால் அறாது என்று நினைப்பதற்கு ஆதாரமில்லை.

மறுபடி சுமை ஏற்றும் கட்டத்தில் எனக்குப் பிடித்த கருவி, விமானப் பயணத்துக்கு முன்பு பெட்டியை எடைபோடுகிற டிஜிட்டல் தராசு. கனமான எடையையோ, காலால் மிதித்த கயிற்றையோ அதன் கொக்கியில் மாட்டி, மேல் முனையில் 20 மில்லிமீட்டர் மரக்கட்டையைக் கட்டி விரலால் இழுத்தால், எத்தனை கிலோவில் வலி தொடங்குகிறது என்று எண்ணாகத் தெரியும். வலிக்குப் பத்தில் இரண்டுக்கு மேல் மதிப்பெண் போடத் தோன்றினால் அன்று அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த வாரம் ஒரு கிலோ கூட்டலாம். இதைப் பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் செய்யுங்கள். ஹேங்போர்டில் தொங்கும்போது விரல் எவ்வளவு தாங்குகிறது என்று யாருக்கும் தெரியாது, இதில் தெரியும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. அதிரும் மசாஜ் கன் களைத்த தசைக்கு இதமாக இருக்கலாம். புதுக் காயத்தின் மேலும், கழுத்தின் முன்பக்கமும், மரத்துப்போன இடத்திலும் வைக்கக் கூடாது. மின் துடிப்பு கொடுக்கும் டென்ஸ் கருவி வலியைத் தற்காலிகமாகக் குறைக்கலாம்; பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தொடவே கூடாது. காந்த மோதிரம், செம்புக் கையுறை, ‘தசைநாணைப் புதுப்பிக்கும்’ பட்டை ஆகியவற்றுக்குச் செலவிடும் பணத்தை ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொருள் ‘காயத்தை ஆற்றும்’, ‘வலியைப் போக்கும்’ என்று சொல்லி விற்கப்பட்டால், சட்டப்படி அது மருத்துவக் கருவி. 2020 ஏப்ரல் 1 முதல் இவையெல்லாம் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உரிம எண் அல்லது பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். கருவியால் தீக்காயமோ வேறு பாதிப்போ ஏற்பட்டால் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். அந்தத் தகவல் அடுத்தவருக்கு உதவும்.

கயிறு, இடுப்பில் கட்டும் ஹார்னஸ், காரபினர் ஆகியவை வேறு வகை. இவை உயிர்காக்கும் கருவிகள். ஐரோப்பிய விதிப்படி இவற்றில் ‘சிஇ’ முத்திரையும், அதை ஒட்டி நான்கு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாத வெறும் முத்திரையை நம்பாதீர்கள். பழைய கயிற்றை வரலாறு தெரியாமல் யாரிடமும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற பாறையேறி டாட் ஸ்கின்னர் 2006 அக்டோபரில் யோசமிட்டியில் இறந்தது, அவருடைய ஹார்னஸின் தேய்ந்த பட்டை அறுந்ததால். நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை: கயிற்றுப் பையை இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் மூலையில் வைக்காதீர்கள். அதன் அமிலமும் ஆவியும் நைலானை அரித்துவிடும், கண்ணுக்கு எதுவும் தெரியாமலே.

புகார் கொடுக்கப் போகும்போது

ஹேங்போர்டு சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தாலோ, பலகையே பிளந்தாலோ, முதலில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். உடைந்த துண்டு, திருகாணி, சுவரில் உள்ள துளை, பெட்டி, பெட்டிக்குள் இருந்த தாள், அல்லது தாளே இல்லாத வெறும் பெட்டி, எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போன மறுநாளே அதன் வாசகம் மாறிவிடும். மருத்துவரிடம் எப்போது, எந்தக் கருவியில், எப்படி அடிபட்டது என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பலகையில் நீங்களாகப் புதுத் துளை போட்டிருந்தாலோ, விளிம்பைச் செதுக்கியிருந்தாலோ, 87-ஆம் பிரிவைக் காட்டி விற்றவர் தப்பித்துக்கொள்ள முடியும். மாற்றியமைத்த பொருளுக்கு அவர் பொறுப்பில்லை.

இணைய விற்பனைத் தளம் ஒவ்வொன்றும் குறைதீர்ப்பு அலுவலரை அறிவிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அவர் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். எந்த நாட்டில் தயாரானது என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருக்கிறார், நாங்கள் விற்பவர்கள்தான்’ என்பது முழுப் பதில் ஆகாது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலும், அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலும் விற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்று 86-ஆம் பிரிவு சொல்கிறது. பில்லில் கால வரம்பு எதுவும் இல்லையென்றால், குறையுள்ள பொருளை முப்பது நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகம். பில்லே தராததும் அப்படித்தான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அங்கே முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மனுவில் மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வேதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், போதிய எச்சரிக்கை இல்லாமல் அந்தப் பொருளை இனி விற்கக் கூடாது என்றும், தவறான விளம்பரத்தைத் திருத்தி வெளியிட வேண்டும் என்றும் கேளுங்கள். அப்படி உத்தரவிட ஆணையத்துக்கு 39-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது, கேட்கிறவர்கள்தான் குறைவு. பிழைப்புக்காகச் சொந்தமாகப் பயிற்சி நடத்துகிறவர் அதற்கு வாங்கிய கருவிக்கும் இந்தச் சட்டம் துணை நிற்கும்.

இனி ஜிம். சேரும்போது ‘என் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன், என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் பார்த்துப் பயந்து, அடிபட்ட பிறகு வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறவர்கள் அதிகம். கை வழுக்கி விழுவது, தோல் உரிவது, முயற்சியில் கணுக்கால் புரள்வது ஆகியவை இந்த விளையாட்டோடு வரும் ஆபத்து. அதை நீங்கள் ஒப்புக்கொண்டுதான் ஏறுகிறீர்கள். ஆனால் போல்ட் தளர்ந்து பிடி சுழன்றது, மெத்தைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது, பயிற்சி பெறாதவரைக் கயிறு பிடிக்க நிறுத்தியது, பிள்ளையைக் கேம்பஸ் போர்டில் விட்டது, இவையெல்லாம் சேவைக் குறைபாடு. கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே கவனக்குறைவு நியாயமாகிவிடாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தையே எதிர்த்து மாநில ஆணையத்துக்கும் போகலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தில் மதிப்பே இல்லை. பிள்ளையின் சார்பில் பெற்றோர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக, மருத்துவக் காப்பீடு. விரல் அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்டால், ‘சாகச விளையாட்டு விலக்கு’ என்று ஒரே வரியில் மறுத்துக் கடிதம் வரும். பலரும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் பாலிசியை எடுத்து ‘எக்ஸ்க்ளூஷன் 09’ என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துத் தந்த வாசகம் அது. பாறையேற்றம் அதில் பெயரோடு இருக்கிறது. ஆனால் தொழில்முறையாக ஈடுபடுகிறவருக்குத்தான் அந்த விலக்கு. வாரம் இரண்டு நாள் ஜிம்முக்குப் போகும் கல்லூரி மாணவரும், வங்கி ஊழியரும் தொழில்முறையாளர் இல்லை. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு இந்த வாசகத்தைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். கூடவே நீங்கள் எங்கே படிக்கிறீர்கள் அல்லது வேலை பார்க்கிறீர்கள் என்பதற்கான சான்றையும் இணையுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, மறுபடி மறுத்தாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான புகாரை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

இதில் நிஜமாகவே வெளியே நிற்பவர்கள் பயிற்சியாளர்களும், சுவரில் பிடிகளை மாட்டிப் பாதை அமைக்கும் இளைஞர்களும்தான். அவர்களுடைய பிழைப்பே இது என்பதால் அந்த விலக்கு அவர்கள் மீது முழுதாக விழுகிறது. வேலைக்குச் சேருமுன், விபத்துக்கான குழுக் காப்பீடு இருக்கிறதா, அதில் பாறையேற்றம் சேர்த்தியா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாகசத் தொழிலாளர்களுக்குக் கூடுதல் பிரீமியத்தில் விபத்துப் பாலிசி தரும் நிறுவனத்தைத் தேடி எடுத்துவிட்டு, பிறகு ஏணியில் ஏறுங்கள்.